வாலில் ஒரு சிறு மோட்டார்



சென்ற திங்கள் நம் சங்க நூலகத்தில் ஒரு வினா எழுந்தது. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவர், “அமெரிக்காவில் மக்கள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறக்கிறார்களாமே, மெய்தானா?” என்று கேட்டார். மெய்தான். விடை தேடப் புகுந்த நாம், முழு விமானத்தையும் விட்டுவிட்டு, அதன் வாலில் பொருத்தப்படும் சிறு மோட்டார் ஒன்றிலேயே நின்றுவிட்டோம். இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு அதில் என்ன அக்கறை என்பது பின்னே விளங்கும்.

அமெரிக்காவில் பால் போபெரெஸ்னி என்பவர் 1953-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் இத்தகைய ஆர்வலருக்கென ஒரு சங்கம் நிறுவினார். 1970 முதல் அச்சங்கத்தின் ஆண்டு விழா ஆஷ்காஷ் என்னும் ஊரில் நடைபெற்று வருகிறது. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, விமானத்தின் பெரும்பகுதியைத் தன்னார்வலரே கட்டியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆர்வி-7 போன்ற இரண்டு இருக்கை விமானங்களின் தகடுகளும் உறுப்புகளும் பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் மாலை வேளைகளில் ஆணி அடித்து அவற்றை இணைக்கிறார்.

இனி வாலுக்கு வருவோம். விமானத்தின் வாலில் படுக்கையாக அமைந்த சிறகின் பின்பகுதி, கீல் மேல் ஏறி இறங்கும். அதற்கு எலிவேட்டர் என்று பெயர். விமானி கைக்கோலைத் தம்மை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலெழும், மூக்கு உயரும். தள்ளினால் மூக்குத் தாழும். ஆனால் வேகம் மாறினாலும், எரிபொருள் குறைந்தாலும், பக்கத்தில் பருத்த நண்பர் ஒருவர் அமர்ந்தாலும் விமானத்தின் சமநிலை மாறிவிடுகிறது. அதை ஈடுசெய்ய விமானி கோலை இடைவிடாது பிடித்துக்கொண்டே இருக்க நேரிடும். காய்கறிப் பையைக் கைநீட்டி ஒரு மணி நேரம் தாங்கி நிற்பவரிடம் அதன் வருத்தத்தைக் கேட்டறியலாம்.

இவ்வருத்தத்தைப் போக்குவதே டிரிம் என்னும் ஏற்பாடு. எலிவேட்டரின் பின்விளிம்பில் கையகலச் சிறு மடல் ஒன்று உண்டு. மடலைக் கீழே சாய்த்தால் காற்று அதை மேலே தள்ளும், அத்துடன் எலிவேட்டர் முழுவதும் மேலெழும், மூக்கு உயரும். பெரிய பலகையைச் சிறிய மடல் ஆள்கிறது. ஆட்டும் வேலையைக் காற்றே செய்கிறது. முன்னாளில் சக்கரத்தையோ நெம்புகோலையோ திருப்பிக் கம்பி வழியாக இதை இயக்கினர். இன்று வீட்டில் விமானம் கட்டுவோர் பலர் மின்சார மோட்டாரை நாடுகின்றனர். ரே ஆலன் என்னும் பெயருடைய டி2-7ஏ மோட்டார் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் தண்டு முன்னும் பின்னும் நகரும் தொலைவு 0.7 அங்குலம் மட்டுமே. அதிலிருந்து ஐந்து மெல்லிய கம்பிகள் வருகின்றன. இரண்டு மோட்டாரைச் சுழற்ற. மூன்று மடலின் நிலையை விமானிக்குக் காட்ட. ஆர்வி-7 விமானத்தில் இடப்பக்க எலிவேட்டருக்குள்ளேயே இது அமர்கிறது. கோலின் தலையில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும்.

நிற்க. இங்கேதான் நம் அக்கறை தொடங்குகிறது.

இரயில்வேயில் பணியாற்றும் நம் அன்பர்கள் அறிவார்கள்: ஓடும் வண்டியின் பிரேக் குழாய் அறுந்தால், பிரேக் தானே பிடித்து வண்டி நின்றுவிடும். கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்தால், கை தானே ‘நில்’ நிலைக்குத் திரும்பும். பழுது எப்போதும் நலத்தின் பக்கமே சாயவேண்டும் என்று முன்னோர் அமைத்து வைத்தனர். வானத்திலோ ‘நில்’ என்பதே இல்லை. மின்சாரம் அற்றுப்போனால் மடல் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அது சிறு தொல்லை. பொத்தான் சிக்கிக்கொண்டாலோ, ரிலே ஒட்டிக்கொண்டாலோ, மோட்டார் தன் எல்லை வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதுவே பெருந்தொல்லை. கைக்கோலில் எதிர்பாராத பாரம் ஏறிக்கொண்டே போகும்.

கம்பிகளை மாற்றி இணைத்துவிடுவது வேறொரு பிழை. அப்போது ‘மூக்கு உயர்க’ என்று அழுத்தினால் மூக்குத் தாழும். இது வீட்டில் கட்டுவோரின் பிழை மட்டும் அன்று. 2003 ஆகஸ்டு 26-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹயானிஸ் நிலையத்திலிருந்து எழுந்த பீச் 1900டி விமானம் கடலில் வீழ்ந்து விமானிகள் இருவரும் மாண்டனர். அதன் எலிவேட்டர் டிரிம் கம்பியைப் புதுப்பிக்கையில் இயக்கம் தலைகீழாகிவிட்டதும், பின்னர் அதைச் சரிவரச் சோதிக்காததுமே காரணம் என விசாரணையில் தெரிந்தது. தேர்ந்த பணிமனையிலேயே இப்படி நேருமாயின், தனியொருவரின் கொட்டகையில் எத்தனை விழிப்பு வேண்டும்!

ஆகவே அறிந்தோர் சில முறைகளைக் கையாளுகின்றனர். முதலாவது, பொத்தானை ஒருவர் அழுத்த, மற்றொருவர் வாலருகே நின்று மடலைக் கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும். ‘மூக்குத் தாழ்க’ என்றால் மடலின் பின்விளிம்பு மேலே போகவேண்டும். முன்பலகையில் உள்ள முள்ளை மட்டும் நம்பலாகாது. இரண்டாவது, மோட்டாருக்குத் தனியே ஒரு மின்துண்டிப்பான் வேண்டும். அது இருளிலும் கை தானே எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். மூன்றாவது, மோட்டாரின் வேகம். தரையிறங்கும் மெதுவான வேளைக்கு ஏற்ற விரைவு, முழு வேகத்தில் பறக்கும்போது மிகையாகிவிடும். பொத்தானைத் தொட்டவுடன் விமானம் துள்ளும். எனவே சிலர் வேகத்தைக் குறைக்கும் கருவி ஒன்றை இடையே சேர்க்கின்றனர். மோட்டார் மெதுவாக ஓடினால், பழுது நேரும்போது சிந்திக்கவும் சில நொடிகள் கிட்டும்.

நான்காவது, கட்டி முடித்த விமானம் சோதனைப் பறப்பில் இருக்கும் மணிகளைப் பயன்கொள்வது. அமெரிக்காவில் இது வழக்கமாக 25 அல்லது 40 மணி. அப்போது பயணியரை ஏற்றுவதில்லை. போதிய உயரத்தில், குறைந்த வேகத்தில் தொடங்கி, மடலைச் சிறிது சிறிதாகத் தள்ளிவைத்து, அந்தப் பாரத்தைக் கையால் தாங்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்வர். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி வளர்வது. வேகம் பாதியானால் விசை கால்பங்காகும். ஆதலின் மோட்டார் கட்டு மீறினால், கோலை உறுதியாகப் பிடித்து, மின்துண்டிப்பானை இழுத்து, எஞ்சின் விசையைக் குறைத்து, வேகத்தைத் தணிப்பது வழி. இவ்வரிசையைத் தரையில் அமர்ந்தே கைக்குப் பழக்கிக்கொள்ளவேண்டும்.

கைகாட்டி மரத்தில் நமக்காக யாரோ என்றோ சிந்தித்து வைத்துவிட்டார்கள். தம் விமானத்தைத் தாமே கட்டுபவருக்கோ அமைப்பவரும் அவரே, சோதிப்பவரும் அவரே, பயணியும் அவரே. இளைப்பாற விரும்பிக் கையின் சுமையை ஒரு கருவியிடம் ஒப்படைக்கலாம், தவறில்லை. அதைத் திரும்பப் பெறும் வழியை முன்கூட்டியே அமைத்துவிட்டு ஒப்படைக்கவேண்டும். வினா எழுப்பிய மாணவருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: தம்பி, விமானம் கட்டும் நாள் உனக்கு வாய்க்குமாயின், பொத்தானைப் பொருத்துமுன் துண்டிப்பானைப் பொருத்து.

அடுத்த திங்கள் மற்றொரு வினாவுடன் சந்திப்போம்.