எட்டுக் கட்டம், எட்டு நிமிடம்!

இரவு ஒன்பது மணி. பாத்திரம் கழுவிவிட்டு நிமிர்ந்தால், ஏழாவது படிக்கும் மகள் சமையலறை வாசலில் நிற்கிறாள்.

"அம்மா... நாளைக்குக் காலையில 'தண்ணீர் சிக்கனம்' போஸ்டர் கொடுக்கணும். ஒரு ஐடியாவும் வரமாட்டேங்குது."

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். இத்தனை நாளும் நான் என்ன செய்வேன் தெரியுமா? "இப்பவா வந்து சொல்லுவே?" என்று திட்டிவிட்டு, ஐடியாவையும் சொல்லி, பாதிப் படத்தையும் நானே வரைந்து கொடுப்பேன். மதிப்பெண் வரும். கூடவே, 'எனக்கு எதுவும் தோணாது, அம்மாதான் சொல்லணும்' என்ற எண்ணமும் அவளுக்குள் வளர்ந்திருக்கிறது. அது புரிந்தபோது பகீரென்றது.

அன்று வேறு வழியை முயன்றோம். 'கிரேஸி எய்ட்ஸ்' என்று பெயர். கூகுள் வென்சர்ஸ் நிறுவனத்தின் 'டிசைன் ஸ்பிரின்ட்' முறையால் பிரபலமானது. ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். செல்போனில் டைமர் வையுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடம், ஒரு ஐடியா. கிறுக்கினால் போதும். அழிக்கக் கூடாது. நன்றாக இருக்கிறதா என்று யோசிக்கவும் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் முக்கியம். அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன், 1953-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்தினார்: முதலில் நிறைய யோசனைகள் வரட்டும், குறை நிறை பார்ப்பது அப்புறம். நமக்கு ஐடியா வராமல் இல்லை. வந்ததுமே 'சே, இது வேண்டாம்' என்று நாமே துரத்திவிடுகிறோம். டைமர் ஓடும்போது துரத்த நேரமிருக்காது!

முதல் மூன்று கட்டங்களில் சொட்டும் குழாய், பூமி உருண்டை, வெடித்த நிலம் என்று எல்லோரும் வரைவதே வந்தது. ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது. என் நாக்கு நுனிவரை ஒரு ஐடியா வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன். ஆறாவதில் பேசும் குடம். ஏழாவதில், அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும் பாட்டி!

எட்டு நிமிடம் முடிந்ததும் மறுபடி பார்த்து, அவளே பாட்டியைத் தேர்ந்தெடுத்தாள். பத்தரை மணிக்குப் படம் தயார். பாட்டியின் மூக்கு கொஞ்சம் கோணல்தான். நான் தொடவில்லை.

ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி, வளைகாப்புக்கு அலங்காரம், கடைக்குப் பெயர் என எதற்கும் இது உதவும். பல பேர் சேர்ந்தால், முதலில் ஆளுக்கொரு தாளில் பேசாமல் எழுதுங்கள். சத்தமாகப் பேசுபவரின் யோசனையே ஜெயித்துவிடாது. எட்டும் சொதப்பினால்? தாளின் பின்பக்கம் இருக்கிறதே!

குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாக்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் விதி: அந்த எட்டு நிமிடம் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.