எடைச்சீட்டில் இல்லாத பெயர்

கரும்பு வண்டி ஆலைக்குள் நுழைந்ததும் எடைமேடையில் ஒரு சீட்டு போடுகிறார்கள். விவசாயியின் பெயர், வண்டி எண், எடை எல்லாம் அதில் உண்டு. வெட்டியவர்களின் பெயர் மட்டும் இருக்காது. மூங்கில்துறைப்பட்டு, பெரியசெவலை, சேத்தியாத்தோப்பு, நெல்லிக்குப்பம் என்று நம் பக்கத்து ஆலை எதற்குப் போகும் கரும்பானாலும், அதை வெட்டும் கைகளில் நிலமில்லாத தலித் மக்களின் கைகளும் இருளர்களின் கைகளும் ஏராளம்.

விவசாயிக்காவது காகிதத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் ஆலை பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஆலைகள் அதை மதிக்கிற லட்சணம் வேறு கதை. நிலுவை கேட்டு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தபோது நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. 2024-25 பருவத்தில் சர்க்கரைக் கட்டுமானம் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள கரும்புக்கு டன்னுக்கு 3,151 ரூபாய் என்று மத்திய அரசு ஊரறிய அறிவித்தது. டன்னுக்கு வெட்டுக்கூலி எவ்வளவு என்று இப்படி யாரும் அறிவிப்பதில்லை. மேஸ்திரி சொல்வதே விலை.

அந்த விலையையும் பேசி முடிவு செய்யும் நிலையில் நம் மக்கள் இருப்பதில்லை. வேலையில்லாத மழைக்காலத்தில், மருத்துவச் செலவுக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ முன்பணம் வாங்கியிருப்பார்கள். அரவை தொடங்கியதும் புருஷனும் பெண்சாதியும் பிள்ளைகளோடு வயலோரக் குடிசைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அத்தோடு நிற்கிறது. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் பாக்கி என்பார்கள். அடுத்த வருடமும் அதே மேஸ்திரி, அதே கத்தி.

இதே சர்க்கரையின் இன்னொரு முகம் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம். அங்கிருந்து கரும்பு வெட்டப் போகிறவர்களில் தலித்துகளும் வஞ்சாரி, லம்பாடி மக்களும் அதிகம். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரே 'கோய்தா', அதாவது ஒரே அரிவாள் என்றுதான் கணக்கு. ஒருநாள் வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு நாளிலும் ஓய்வு கிடையாது. 2019இல் அந்த மாநில அரசு அமைத்த குழு சுமார் 82 ஆயிரம் பெண்களிடம் விசாரித்ததில், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை அகற்றியிருந்தது தெரிந்தது. அந்த மாநிலச் சர்க்கரை கோக், பெப்சி வரை போவதை 2024இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

பெரிய கம்பெனிகள் தங்கள் பொருளின் 'சமூகத் தாக்கம்' பற்றி அழகான அறிக்கைகள் போடுகின்றன. அதற்காக வரும் தணிக்கையாளர் ஆலையில் கொதிகலனைப் பார்ப்பார், தலைக்கவசத்தைப் பார்ப்பார், வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார். வெட்டுக்காரர் அந்தப் பதிவேட்டில் இல்லை. அவர் மேஸ்திரியின் ஆள். வயலோரக் குடிசைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் பேசாத தணிக்கையை நாம் தணிக்கை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ரேஷனில் கிலோ 25 ரூபாய்க்கு நாம் வாங்கும் சர்க்கரைக்கும் இது பொருந்தும்.

கூலியை உயர்த்தினால் விவசாயி செத்துவிடுவான் என்பார்கள். நம் பகுதியில் வெட்டுக்கூலியை விவசாயி தலையில் கட்டியிருப்பதால்தான் இந்தப் பேச்சே வருகிறது. சர்க்கரை விற்று, கழிவுப்பாகில் சாராயம் காய்ச்சி, சக்கையில் மின்சாரம் எடுத்து விற்கும் ஆலை அதை ஏற்கட்டும். வெட்டியவர் பெயரும் கூலியும் எடைச்சீட்டில் ஏறட்டும், பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

அதுவரை கையில் இருக்கும் சட்டத்தையாவது பிடிப்போம். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால், 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமை. அந்தக் கடன் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. அதே 1976 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்கவேண்டும். அதில் மாவட்டத்தைச் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவரை ஆட்சியர் நியமிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க பத்து ரூபாய் போதும். கல்லூரியில் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் நம் பிள்ளைகள், ஒரு கிலோ சர்க்கரையை எடுத்துக்கொண்டு கடையிலிருந்து வயல்வரை பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு நின்றது என்று எழுதி வரட்டும். அரவை முடிவதற்குள் தொடங்கினால்தான் வெட்டுக்காரர்களை வயலில் பார்க்க முடியும்.