கற்பிக்கப் போகிறவர் முதலில் கற்க வேண்டியது

திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளையும், அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருப்பவர் வீட்டுப் பிள்ளையும் செல்போனில் ஒரே மாதிரி விளம்பரத்தைத்தான் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு கடலோரக் கிராமம். இரண்டு வாரம் தங்கலாம். மீனவர் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கலாம். திரும்பும்போது சான்றிதழ் உண்டு. விமானச் செலவும் தங்கும் செலவும் போகிறவருடையது.

ஆசை நல்ல ஆசைதான். நாலு பேருக்கு உதவ வேண்டும் என்று இருபது வயதில் தோன்றாவிட்டால் பிறகு எப்போது தோன்றும்? போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதை விளம்பரமே சொல்லிவிடுகிறது. அனுபவம், புகைப்படம், வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி. அந்தக் கிராமத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் சொல்வதில்லை.

இரண்டு வாரத்தில் குழந்தைகளின் பெயரைப் பழகிக்கொள்ளலாம். அதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். அடுத்து வருகிறவர் மறுபடியும் 'ஏ, பி, சி'யிலிருந்து தொடங்குவார். குழந்தைகளுக்கு டாட்டா காட்டத்தான் நன்றாகப் பழகியிருக்கும்.

அப்படியென்றால் வேற்றூர் போய்ச் சேவை செய்வதே வீண் வேலையா? இல்லை. அதற்கு நல்ல சாட்சி தமிழர்களிடமே இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு இரண்டு வாரக் கணக்கு அல்ல.

கப்பலில் வந்த டாக்டர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்ற ஊரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். நியூயார்க்கில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். 1847இல் மாதக்கணக்காகக் கப்பலில் பயணம் செய்து யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 25.

மூன்று பக்கமும் கடல் தொடும் அந்தக் குடாநாட்டில் அமெரிக்க மிஷன் 1816 முதலே பள்ளிகள் நடத்தி வந்தது. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய அதன் செமினரியில் ஆங்கிலத்தோடு கணிதம், அறிவியலும் சொல்லிக் கொடுத்தார்கள். கிரீனுக்கு முன்பே ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்திருக்கிறார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இந்த ஜான் ஸ்கடரின் பேத்திதான்.

கிரீன் மதப் பணிக்காக அனுப்பப்பட்டவர். அதை அவரும் மறைக்கவில்லை, வரலாறும் மறைக்கவில்லை. கிறிஸ்துவத்தைப் பரப்புவது அவர் வந்த நோக்கங்களில் ஒன்று. ஆனால் மானிப்பாயில் அவர் அமைத்த மருத்துவ நிலையத்துக்கு எல்லா மதத்தினரும் வந்தார்கள். இன்றும் அது கிரீன் நினைவு மருத்துவமனை என்ற பெயரில் இருக்கிறது.

வந்த புதிதிலேயே அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. கூட்டம் கூட்டமாக வரும் நோயாளிகளை ஒரு டாக்டர் எத்தனை நாள் பார்க்க முடியும்? அவர் ஊர் திரும்பினால் அதோடு வைத்தியமும் போய்விடும். அதனால் 1848இலேயே உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பாடம் ஆங்கிலத்தில். செமினரியில் படித்தவர்கள் என்பதால் மாணவர்களுக்கு அது சிரமமாக இல்லை.

ஆங்கிலத்தில் நடத்தினால் என்ன குறை?

குறை பாடத்தில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில் இருந்தது. ஆங்கிலம் தெரிந்த வைத்தியருக்கு அரசாங்கத்தில் வேலை கிடைக்கும், பட்டணத்தில் சம்பளம் கிடைக்கும். கிராமத்திலேயே உட்கார்ந்து காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து? எந்தக் கிராமத்துக்காகப் பாடம் நடத்தினாரோ அந்தக் கிராமத்துக்கே வைத்தியர் இல்லாமல் போகும் நிலை.

பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இந்தச் சங்கடம் தனியாக விளக்கத் தேவையில்லை.

1855இல் மிஷன் தன் கல்விக் கொள்கையை மாற்றி வட்டுக்கோட்டைச் செமினரியை மூடியது. கிரீன் பத்து ஆண்டுப் பணிக்குப் பிறகு அமெரிக்கா போய், திருமணம் செய்துகொண்டு, 1862இல் மனைவியுடன் திரும்பி வந்தார். இந்த முறை தெளிவான முடிவோடு வந்தார். மருத்துவத்தை இனித் தமிழிலேயே நடத்துவது என்பதுதான் அது.

சொல்லுக்கு எங்கே போவது?

இன்று நினைத்தாலும் மலைப்பான வேலை அது. நரம்பு, தசை, குருதிக்குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் துல்லியமான பெயர் வேண்டும். ஒரு சொல் இரண்டு உறுப்பைக் குறித்தால் அறுவை சிகிச்சையில் உயிரே போய்விடும்.

தமிழ் தெரிந்த மாணவர்களையும் உள்ளூர் அறிஞர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிரீன் வேலை பார்த்தார். மக்கள் நாக்கிலும் சித்த வைத்தியர் வாயிலும் இருக்கும் சொல்லை முதலில் தேடினார்கள். கிடைக்காவிட்டால் வடமொழி. அதிலும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் உச்சரிப்புக்கு வளைத்தார்கள். வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயரே இதற்கு உதாரணம்: 'கெமிஸ்தம்'.

பிரசவ வைத்தியம் 1857லேயே வந்துவிட்டது. அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரே எழுதிய உடற்கூறு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழுக்கு வந்தது. அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்'. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவத் தமிழ்!

கிரீனிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபது பேருக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே படித்தவர்கள். மாணவர்கள் கோட்டும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் போல ஆக வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருந்து, தங்கள் உடையிலேயே, தங்கள் ஊரிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

உடல்நலம் குன்றி 1873இல் அவர் ஊர் திரும்பினார். அங்கே போன பிறகும் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1884இல் இறக்கும் வரை வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களுக்காக உழைத்தார். அவர் விருப்பப்படி கல்லறைக் கல்லில், தமிழர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர் என்ற பொருளில் பொறித்தார்கள்.

தமிழ் வழி மருத்துவக் கல்வி நிலைத்ததா? இல்லை. கொழும்பில் 1870இல் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. அரசு அங்கீகாரமும் வேலையும் அந்தப் பக்கமே போயின. ஆனால் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று யாராவது கேட்டால், 150 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியாயிற்று என்று எடுத்துக் காட்ட அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன.

இரண்டு வருடம் ஏன்?

1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி 'பீஸ் கோர்' என்ற தன்னார்வலர் அமைப்பைத் தொடங்கினார். அதில் சேருகிறவர் பொதுவாக 27 மாதம் வெளிநாட்டில் தங்க வேண்டும். அதில் முதல் மூன்று மாதம் பயிற்சிக்கே போய்விடும். பயிற்சியில் முக்கியமானது அந்த ஊர் மொழி. இந்தியாவுக்கும் 1970கள் வரை இப்படிப் பலர் வந்து கிராமங்களில் கோழி வளர்ப்பு, விவசாயம், பள்ளிப் பாடம் என்று வேலை செய்தார்கள்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் முதலில் மொழி, பிறகு வேலை, இடையில் ஓடிப்போகாமல் தங்குவது என்ற வரிசை சரியானது. சமையலறைக்கு வந்த புது மருமகள்கூட உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.

வெளிநாடு வேண்டாம், பக்கத்துத் தெரு போதும்

இப்போது திருப்பூருக்கே வரலாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் இங்கே பவர் டேபிளிலும், கைமடிப்பதிலும், அயர்ன், பேக்கிங் பிரிவுகளிலும் வேலை செய்கிறார்கள். கடலோர ஒடிசாவில் பிறந்தவர் நொய்யல் கரையில் ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கிறார். கடல் கடந்து போய்ச் சந்திக்க நினைக்கும் கிராமம் திருப்பூர் லைன் வீட்டுக்கே குடிவந்துவிட்டது.

மொழி தெரியாததால் வரும் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை 2023 மார்ச்சில் ஊரே பார்த்தது. வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் பெட்டி படுக்கையோடு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்து பார்த்தது. மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலேயே பேசி நம்பிக்கை ஊட்ட வேண்டியிருந்தது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரோடு நாலு வார்த்தை பேசத் தெரிந்திருந்தால் அந்த வீடியோவை நம்புவதற்கு முன் அவரிடமே கேட்டிருக்கலாம்.

பெரியவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். குழந்தைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாம் வகுப்பு வரை ஒடியாவில் படித்த குழந்தை, இங்கே தமிழ் வகுப்பறையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும். சில மாதத்தில் அதை 'மக்கு' என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கு அனுப்புவதே நின்றுபோகும். அறையில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வயது கொஞ்சம் ஏறியதும் கம்பெனி வாசல்.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. மற்றவர்களோடு சேர்ந்து ஓட சிறப்புப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர் குழந்தைகளுக்காக 'தமிழ் மொழி கற்போம்' என்ற திட்டத்தையும் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியிருக்கிறது.

ஆனால் சட்டம் பள்ளி வாசல் வரைதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். வாசல் வரை வருவதற்கே பல பெற்றோருக்கு இந்த விவரம் தெரியாது. யாராவது அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து 'அ' எழுத வைக்க வேண்டும்.

இது முடியாத காரியமல்ல. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021இல் தமிழக அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் இல்லத்தரசிகள், கல்லூரி முடித்த பெண்கள். திண்ணையும் மொட்டை மாடியும் வகுப்பறையாயின. அவர்கள் விமானம் ஏறவில்லை. மறுநாளும் அதே தெருவில் இருந்தார்கள் என்பதுதான் அவர்களின் பெரிய தகுதி.

சேவை செய்ய ஆசைப்படும் திருப்பூர் இளைஞருக்கு இதையே ஒரு சின்னத் திட்டமாகச் சொல்லலாம். முதல் ஒரு மாதம் யாருக்கும் எதையும் கற்பிக்க வேண்டாம். பக்கத்து லைன் வீட்டில் பேசுவது ஒடியாவா, வங்காளமா, இந்தியா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் நூறு வார்த்தை பழகலாம். எங்கே வலிக்கிறது, சாப்பிட்டாயா, பயப்படாதே, நாளைக்கும் வருவேன் என்று அதிலேயே சொல்லத் தெரிந்தால் போதும். சொல்லிக் கொடுப்பவரே அந்தக் குழந்தையாக இருக்கட்டும். தனக்குத் தெரிந்ததை ஒரு பெரியவர் தப்பும் தவறுமாகச் சொல்வதைக் கேட்டுச் சிரித்த குழந்தை, பிறகு தமிழைத் தப்பாகச் சொல்லக் கூச்சப்படாது.

அதன் பிறகு வாரம் மூன்று நாள், ஒரு வருடம், அதே குழந்தைகள். பள்ளியில் சேராத குழந்தை இருந்தால் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பெற்றோரைக் கூட்டிப் போகலாம். எக்ஸ்போர்ட் சீசனில் ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது பெற்றோர் வீடு திரும்ப இரவாகும். அந்த மாதங்களில் இந்த ஒரு மணி நேரம் குழந்தைக்குப் பாடமாக மட்டுமல்ல, பாதுகாப்பாகவும் இருக்கும்.

இதையெல்லாம் செய்த பிறகும் வெளிநாட்டுக் கடற்கரை கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். அப்போது விளம்பரத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்கத் தெரிந்திருக்கும். அந்த ஊர் மொழியை யார் சொல்லித் தருவார்கள்? நான் கிளம்பிய மறுநாள் அந்தக் குழந்தைகளுக்கு யார் இருப்பார்கள்? இரண்டுக்கும் நேரான பதில் கிடைத்தால் டிக்கெட் போடலாம்.