எலும்புக்கூடு காவல் நிற்கும் ஊர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வெளியே வந்த ஓர் இளம் தொழிலாளி என்னிடம் சொன்னார்: “தோழர், ஞாயிற்றுக்கிழமை நாங்க ஆறு பேர் பழவேற்காடு போய் வந்தோம். டச்சுக்காரன் கல்லறையைப் பார்த்தோம். என்ன வேலைப்பாடு! முந்நூறு, நானூறு வருஷம் ஆகியும் எழுத்து அப்படியே நிக்குது. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான், தோழர்!”

நல்ல பிள்ளை. இரும்புப் பட்டறையில் கான்டிராக்ட் கூலி. அவர்மீது எனக்குக் கோபமில்லை. பழவேற்காட்டைப் பற்றி அவருக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தக் கனவான்கள்மீதுதான் கோபம். வர்ணப் படம் போட்டு, “டச்சுக்காரர் விட்டுச் சென்ற கலைப் பொக்கிஷம்” என்று உருகி எழுதுகிறார்கள். படகு சவாரி, இறால் வறுவல், கல்லறை தரிசனம், முடிந்தது அவர்கள் சரித்திரம்!

நானும் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். டச்சு எழுத்து ஒன்றும் புரியாது. ஆனால் வாசலில் இருப்பது எழுத்தில்லாமலே புரியும். இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அரசனானாலும் ஆண்டியானாலும் கடைசியில் இதுதான் கதி என்கின்றனவாம். உள்ளே போனால் கோபுரம் போல் எழுப்பிய சமாதிகள், ஊசித் தூண்கள், குடும்பச் சின்னம் பொறித்த பாளக் கற்கள். சாவிலே எல்லோரும் சமம் என்று வாசலில் சொல்லிவிட்டு, உள்ளே அதிகாரிக்கும் வர்த்தகனுக்கும் மாளிகை கட்டியிருக்கிறார்கள். பாவு ஓட்டியவனுக்கு ஒரு கல் உண்டா? செங்கல் சுமந்தவளுக்கு? கப்பலில் அடைத்து அனுப்பப்பட்டவனுக்கு?

ஆம், அடைத்து அனுப்பப்பட்டவனுக்கு! அந்தக் கதையைத்தான் வர்ணப் படக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி இங்கே கோட்டையை எழுப்பியது 1613-ல். ‘கெல்டிரியா’ என்று தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். சென்னைப் பட்டணத்தில் ஆங்கிலேயன் கால் ஊன்றியது 1639-ல்தான். அதற்கு இருபத்தாறு ஆண்டு முன்பே பழவேற்காட்டில் பீரங்கி ஏறிவிட்டது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சு அதிகாரம் இங்கிருந்துதான் நடந்தது. இங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இங்கிருந்து துணி ஏற்றினார்கள்.

அந்தத் துணிதான் சூட்சுமம். மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க ஐரோப்பியனிடம் அங்குள்ள ஜனங்கள் விரும்பும் சரக்கு இல்லை. சோழமண்டலத்துத் துணி இருந்தது. நம் நெசவாளி நெய்த துணியைக் கொடுத்து அங்கே வாசனைச் சரக்கு வாங்கினார்கள். அதை ஐரோப்பாவில் கொள்ளை விலைக்கு விற்றார்கள். பழவேற்காட்டுக் கட்டம் போட்ட துணியின் புகழ் எவ்வளவு என்றால், மலேயாவில் இன்றும் கைலிக்குப் பெயர் ‘காயின் பெலிக்காட்’. பழவேற்காடு என்ற ஊர்ப் பெயர்தான் அது! ஊரின் பெயர் கடல் கடந்து மனிதன் இடுப்பில் ஏறி நிற்கிறது. நெய்தவன் பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை.

துணியோடு நின்றார்களா? இல்லை. 1621-ல் கும்பினியின் கவர்னர் ஜெனரல் கூன் என்பவன் ஜாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த குடிமக்களைக் கொன்றும் விரட்டியும் தீவையே காலி செய்தான். தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும். புதிதாகக் கட்டிய பத்தேவியா நகரத்துக்கும் ஆள் வேண்டும். ஆள் எங்கே கிடைக்கும்? பஞ்சம் எங்கே இருக்கிறதோ அங்கே! சோழமண்டலத்தில் மழை பொய்த்த போதெல்லாம், படைகள் ஊரைச் சூறையாடிய போதெல்லாம், கும்பினிக் கப்பல் கரையில் காத்திருந்தது. ஒரு வேளைக் கஞ்சிக்காகத் தன்னை விற்றவன், பிள்ளையை விற்ற தாய், தரகனிடம் ஏமாந்து சிக்கியவன் என்று ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் சேர்ந்து அழித்த சமயத்தில் மட்டும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டு போகப்பட்டதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். கும்பினியின் சொந்தக் கணக்கு ஏடுகளிலிருந்தே எடுத்த கணக்கு இது. துணி மூட்டைக்கும் மனிதனுக்கும் ஒரே பேனாவால் வரவு வைத்திருக்கிறார்கள்!

நம்மவர் கை சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. டச்சு ஏடுகள் மலயா என்றும் சின்னண்ணா என்றும் குறிக்கும் பெருவணிகச் சகோதரர்கள் கும்பினியோடு கூட்டு வியாபாரம் செய்து கொழுத்தவர்கள். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிப் போட்டவனும், பஞ்சம் பிழைக்க வந்தவனைத் துறைக்கு ஓட்டி வந்த தரகனும் இந்த மண்ணில் பிறந்தவர்களே. சுரண்டலுக்குத் தோல் நிறம் கிடையாது.

இன்று அந்தக் கோட்டை எங்கே? 1824 ஒப்பந்தப்படி மறு ஆண்டு பழவேற்காடு ஆங்கிலேயன் கைக்குப் போயிற்று. இப்போது போய்ப் பார்த்தால் அகழியின் தடமும் முட்புதரும்தான். கல்லறை மட்டும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில், கம்பி வேலிக்குள் இருக்கிறது.

“அப்படியானால் இடிந்து போகட்டுமே! அன்னியன் சமாதியைக் காப்பாற்றுவதா நமக்கு வேலை?” என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். வீராப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. கொலை நடந்த வீட்டை இடித்துவிட்டால் லாபம் யாருக்கு? கொலைகாரனுக்குத்தானே! அந்தக் கல்லறை சாட்சி. அந்த அகழி சாட்சி. டச்சு அகழி மட்டுமா? சிறிது தூரத்தில் செம்புரைக்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. சூரிய நிழலால் மணி காட்டும் கருவியோடு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. நம் கொத்தனும் கல் தச்சனும் கை வைத்த வேலை இவை. வர்ணப் படத்தில் இவற்றுக்கு இடம் கடைசி மூலையில்!

காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

2010-ல் திருத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம். உள்வட்டத்தில் பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் மனுப் போட வேண்டும். பெரிய கட்டிட முதலாளி வந்து விழுங்காமலிருக்க இந்தச் சட்டம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் கல்லறை இருப்பது ஊருக்கு நடுவே. சுற்றிலும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஒரு மீனவ அம்மாள் என்னிடம் சொன்னார்: “செத்தவனுக்கு நூறு மீட்டர் விட்டிருக்காங்க தம்பி. எனக்குக் கக்கூஸ் கட்ட நாலு அடி இல்லையாம்.” வரைபடம் எங்கே, பத்திரம் எங்கே, எந்த ஆபீசுக்கு எழுதுவது என்று சொல்ல அவருக்கு ஆளில்லை. மழை வந்தால் சுவர் கரைகிறது.

மீனவப் பெண்ணின் நாலடியை அங்குலம் அங்குலமாக அளக்கும் இதே ராஜ்யத்தில், தெற்கே காட்டுப்பள்ளியில் நடந்ததைப் பாருங்கள். 2018-ல் அதானி கைக்கு வந்த துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகப் பெருக்கத் திட்டம் தீட்டப்பட்டது. கடலையே தூர்த்து நிலமாக்குவதும் அதில் அடக்கம். மணல் அரிப்பு மிஞ்சினால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய மணல் திட்டு உடையும், ஏரி ஏரியாக இராது, பாடு முறையில் தலைமுறை தலைமுறையாக முறை வைத்து மீன் பிடிக்கும் ஜனங்கள் பிழைப்பற்றுப் போவார்கள் என்று மீனவர்கள் எழுந்தார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் வைத்த பொதுக் கருத்துக் கேட்பு நடக்காமல் தள்ளிப் போயிற்று. கல்லறைக்கு உருகும் கனவான்களில் எத்தனை பேர் அப்போது வாய் திறந்தார்கள்? ஊரே போன பிறகு எந்தக் கல்லைப் பார்க்கப் படகு விடுவார்கள்?

எனவே கேட்கிறோம். கல்லறை வாசலில் தமிழில் ஒரு பலகை வேண்டும். துணி நெய்தவனும் அடிமையாகக் கப்பல் ஏறியவனும் அதில் இடம் பெற வேண்டும். கோட்டை மேட்டின் புதரை வெட்டி, அகழியை அளந்து, மிஞ்சியதைப் பாதுகாக்க வேண்டும். அந்த வேலைக்கு ஊர் ஆட்களையே கூலி கொடுத்து வைக்க வேண்டும். உள்வட்டத்து வீடுகளுக்கு அதிகாரிகள் பழவேற்காட்டுக்கே வந்து முகாம் போட்டு, அளந்து, பழுது பார்க்கும் அனுமதியை அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும். சென்னைக்கும் பொன்னேரிக்கும் அலைய அந்த அம்மாளுக்கு ஒரு நாள் கூடை வியாபாரம் போகிறது.

சிப்காட் தோழரிடம் இவ்வளவையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அந்தக் கப்பல்ல போனவங்களுக்கும் கான்டிராக்டர்தான் ஆள் பிடிச்சானா, தோழர்?” என்று கேட்டார். அடுத்த மாதம் இருபது பேராகப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.