சிம்பொனிக்குள் ஒரு கிராமம்!

"சிம்பொனியா? அது சீமை சங்கீதம். கோட்டு போட்டவர்கள் கேட்பது. நமக்கு எதற்கு?"

இப்படிச் சொல்லுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பாப்பிரெட்டிப்பட்டியில் மட்டும் அல்ல, பட்டணத்திலும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அந்தப் பேச்சு சரி அல்ல. புகழ் பெற்ற சீமை சங்கீதத்தில் ஒரு பெரும் பகுதி, கிராமத்து ஜனங்கள் போட்ட பிச்சை! ஆடு மேய்த்தவர்களும், அறுவடை முடிந்து ஆடியவர்களும் கொடுத்த மெட்டுகள் அதில் இருக்கின்றன.

இதைத் தெரிந்து கொண்டால், நம் ஊர்ப் பாட்டின் மதிப்பும் நமக்குத் தெரியும்.

மனதுக்கு முதல் இடம்

ஏறக்குறைய 1800-ம் ஆண்டு முதல் 1900-ம் ஆண்டு வரை உள்ள காலத்தை, ஐரோப்பிய சங்கீதத்தில் "ரொமான்டிக் காலம்" என்கிறார்கள்.

ரொமான்டிக் என்றதும், காதல் மட்டும்தான் என்று நினைத்து விடக் கூடாது. காதல் உண்டு. கோபம், துக்கம், பயம், பிறந்த மண் மீது பாசம் எல்லாமே உண்டு. மனதில் எழும் உணர்ச்சிக்கு முதல் இடம் கொடுத்த காலம் அது.

அதற்கு முன்பு, இசை எழுதியவர்கள் பெரும்பாலும் அரண்மனையிலும் தேவாலயத்திலும் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். எஜமானுக்குப் பிடித்ததை எழுதினார்கள். பிறகு காலம் மாறியது. "என் மனதில் உள்ளதை எழுதுவேன்" என்று சிலர் துணிந்தார்கள்.

அந்தக் கதவைத் திறந்தவர் பீத்தோவன். ஜெர்மனியில் 1770-ல் பிறந்தவர். நம் தியாகராஜ சுவாமிகளும், முத்துசாமி தீட்சிதரும் வாழ்ந்த அதே காலம்! முப்பது வயது ஆவதற்கு முன்பே பீத்தோவனின் காது மந்தம் ஆகத் தொடங்கியது. பின்னால் அடியோடு கேட்காமல் போயிற்று. ஆனாலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

மழையும் ஓடையும்

1808-ல், வியன்னா நகரில், பீத்தோவனின் 6-வது சிம்பொனி அரங்கேறியது.

சிம்பொனி என்றால் என்ன? பல வாத்தியங்கள் ஒன்று சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசை. பெரும்பாலும் அதில் பாடகர் இருக்க மாட்டார். வாத்தியங்களே பேசும்.

6-வது சிம்பொனியில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு கிராமம்! ஓடை சலசலக்கிறது. காடையும் குயிலும் கத்துகின்றன. கிராமத்து ஜனங்கள் கூடி ஆடுகிறார்கள். திடீர் என்று இடி! மின்னல்! மழை! மழை விட்டதும், ஆடு மேய்ப்பவன் நன்றியோடு பாடுகிறான்.

வாணியாற்றங்கரைக்காரர்களுக்கு இது புரியாதா? கோடை வெயில் கொளுத்தும்போது, சேர்வராயன் மலைப் பக்கம் வானம் கறுக்கும். இடி இடிக்கும். கொட்டித் தீர்த்த பிறகு மனதில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைத்தான் பீத்தோவன் வயலினிலும் புல்லாங்குழலிலும் சொன்னார். அதைக் கேட்க இங்கிலீஷ் தெரிய வேண்டியது இல்லை.

இறந்த பிள்ளை

வியன்னாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பிறந்தவர், ஷூபர்ட். 31 வயதிலேயே இறந்து போனார். அதற்குள் 600-க்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு இசை அமைத்து விட்டார்.

அவர் 18 வயதில் அமைத்த ஒரு பாட்டு. நள்ளிரவு. தகப்பன் தன் மகனை அணைத்துக் கொண்டு குதிரையில் பறக்கிறான். பிள்ளை பயத்தில் அலறுகிறான். பியானோவில் குளம்புச் சத்தம் கேட்கிறது. வீட்டு வாசலில் குதிரை நிற்கும்போது, பிள்ளைக்கு உயிர் இல்லை!

பெற்ற மனம் எந்தத் தேசத்திலும் ஒன்றுதானே?

ஊர் திரும்பிய இதயம்

போலந்து நாட்டில், ஒரு கிராமத்தில் 1810-ல் பிறந்தவர் ஷோப்பன். பியானோ மேதை. 1830-ல் சொந்த நாட்டை விட்டுப் புறப்பட்டார். பிறகு திரும்பவே இல்லை.

பாரீஸ் நகரத்தில் சீமான்கள் நடுவில் உட்கார்ந்து அவர் எதை வாசித்தார்? "மசூர்கா" என்ற போலந்து கிராமத்து ஆட்டத்தின் தாளத்தை! அந்த வகையில் 50-க்கு மேல் எழுதினார்.

1849-ல் பாரீசில் இறந்தார். உடல் அங்கே அடக்கம் ஆனது. இதயத்தை மட்டும் அவருடைய அக்காள் போலந்துக்குக் கொண்டு போனாள். வார்சா நகரில் ஒரு தேவாலயத்தில் அது இன்றும் இருக்கிறது.

கசாப்புக் கடைக்காரர் மகன்

இன்னொருவர், செக் நாட்டு த்வோர்ஷாக். 1841-ல் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் கசாப்புக் கடையும் சத்திரமும் நடத்தினார். சொந்த மண்ணின் ஆட்டத் தாளத்தில் த்வோர்ஷாக் எழுதிய இசை 1878-ல் வெளிவந்தது. அவர் பெயர் பல நாடுகளுக்கும் பரவியது.

1892-ல் நியூயார்க் நகரில் ஒரு சங்கீதப் பள்ளிக்குத் தலைவராகப் போனார். "அமெரிக்க சங்கீதத்தை எப்படி வளர்ப்பது?" என்று அங்கே பேச்சு. 1893-ல் த்வோர்ஷாக் சொன்ன பதில், பலரைத் திடுக்கிட வைத்தது. கறுப்பின மக்களின் பாட்டுகள்தான் அதற்கு அடிப்படை ஆக வேண்டும் என்றார்!

அடிமைகளாக இருந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் பாடிய பாட்டு அது. பலர் அதைக் கேவலமாக நினைத்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்துதான், "உங்கள் வீட்டுப் புதையல் இது" என்று காட்ட வேண்டியிருந்தது.

பண்ணைப்புரத்தில் இருந்து லண்டனுக்கு

நம் நாட்டிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது.

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தவர் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் கற்றார். 1976-ல் "அன்னக்கிளி" படத்தில் கிராமத்து மெட்டை ஊர் எல்லாம் பாட வைத்தார். 2025 மார்ச் 8-ந் தேதி, லண்டனில், ராயல் பில்ஹார்மோனிக் இசைக் குழு அவர் எழுதிய சிம்பொனியை வாசித்தது.

"அப்படியானால் சீமை சங்கீதத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொள்ள வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம். ஆனால் ஒதுக்கவும் வேண்டாம். வயலின் ஐரோப்பாவில் இருந்து வந்ததுதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று, நம் சங்கீதத்துக்குள் கொண்டு வந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்.

நம் புதையல்

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் என்ன குறை? நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, பம்பை, தெருக்கூத்து... எத்தனை செல்வம்!

பம்பு செட் வந்தது. ஏற்றம் போயிற்று. ஏற்றப் பாட்டும் கூடவே போயிற்று. நடவுக்கும் எந்திரம் வந்து கொண்டு இருக்கிறது. எந்திரம் வரட்டும், முதுகு ஒடிய நடுவதற்கு யாரும் ஆசைப்பட வேண்டாம். ஆனால் பாட்டு ஏன் சாக வேண்டும்?

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தப்பு அடிப்பவரிடமும், ஒப்பாரி பாடும் அம்மாளிடமும் நாம் முதலில் பார்ப்பது சாதியை! பாட்டைக் கேட்போம், பாடியவருக்குப் பாய் போட மாட்டோம். அதனால்தான் அவர்களுடைய பிள்ளைகள், "எங்களுக்கு இந்தத் தொழில் வேண்டாம்" என்று ஓடுகிறார்கள். அவர்கள் மீது குற்றம் இல்லை.

1906-ல் ஹங்கேரி நாட்டு பார்டோக் என்பவர், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக் கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார். குடியானவர்களின் பாட்டை மெழுகு உருளையில் பதிவு செய்தார். இன்று அதைவிட நல்ல கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதுதான் செல்போன்!

உங்கள் பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி, எந்த வேலையின்போது பாடியது என்று எழுதி வையுங்கள். கூத்துக்காரருக்கும் பம்பைக்காரருக்கும் சினிமா மெல்லிசைக் குழுவுக்குச் சமமாகக் கூலி கொடுங்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு கும்மிக்கும் இடம் ஒதுக்குங்கள்.

அதே செல்போனில் பீத்தோவனின் 6-வது சிம்பொனியையும் ஒரு நாள் குடும்பத்தோடு கேளுங்கள். முக்கால் மணி நேரம் போதும்.

வீட்டுக்கு வீடு பாட்டிகள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். நாளைக்கு ஒரு த்வோர்ஷாக் நம் ஊரில் பிறக்கலாம். அவன் கேட்பதற்குப் பாட்டு மிச்சம் இருக்க வேண்டாமா?