தொட்டியில் போட்ட மருந்து குப்பையில் வருகிறது

சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காட்டுக்கு ஆட்டுக்கிடையும் மாட்டுக்குப்பையும் முன்போலக் கிடைப்பதில்லை. போன கோடையில் வெண்பன்றிப் பண்ணை ஒன்றில் ஒரு டிராக்டர் குப்பை விலை பேசினேன். "மருந்து ஏதும் குடுக்கீங்களா?" என்று கேட்டதும் பண்ணைக்காரர் மறைக்காமல் சொன்னார்: "சீக்கு வந்தா தீவனத்துல கலந்து விட்டுருவோம் அண்ணாச்சி. ஊசின்னா ஒவ்வொண்ணா பிடிக்கணும்லா, ஆளு எங்க இருக்கு?"

அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு தப்பு. காய்ச்சல் கண்ட பன்றி முதலில் விடுவது தீனியைத்தான். அது மூலையில் படுத்துக் கிடக்கும். முட்டித் தள்ளி முன்னால் நிற்கிற கொழுத்த பன்றி அதன் பங்கையும் சேர்த்துத் தின்னும். மருந்து தேவைப்பட்டதுக்குக் குறைவு, தேவைப்படாததுக்கு அதிகம். அரைகுறை அளவில் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும்.

தின்றதாவது உடம்பில் சேருமா என்றால், அதுவும் முழுசாக இல்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும். தாது உப்பு போட்ட தீவனத்தில் கலந்தால் ரத்தத்தில் ஏறுவது சொற்பம்தான். ஜென்டாமைசின், கோலிஸ்டின் இரண்டும் வாய்வழி கொடுத்தால் குடலைத் தாண்டுவதே அரிது. நுரையீரல் சீக்குக்கு அவற்றைத் தொட்டியில் கொட்டி என்ன பிரயோசனம்? மிச்சமெல்லாம் சாணத்தில் வருகிறது. அந்தச் சாணத்தைத்தான் நாம் 'இயற்கை உரம்' என்று காட்டில் இறைக்கிறோம். நன்றாகச் சூடேற மக்கவைத்தால் டெட்ராசைக்ளின் பெருமளவு சிதையும், முழுசும் போகாது.

கோலிஸ்டின் சாதாரண மருந்தல்ல. வேறெதுவும் கேட்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போடுவது. அதையும் எதிர்த்து நிற்கிற மரபணுவை 2015இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

நம் தோழர்கள் சிலர் மருந்தே கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூலிகை வைத்தியத்தை மதிக்கிறவன்தான் நான். ஆனால் மூச்சுத் திணறுகிற பன்றியை வேடிக்கை பார்ப்பது இயற்கை விவசாயம் ஆகாது. சீக்கானதை மட்டும் தனியே கட்டி, கால்நடை மருத்துவர் சொல்கிற மருந்தை எடைக்குத் தக்கபடி ஊசியாகப் போடுங்கள். சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். தராசு இல்லையென்றால் டேப் போதும்: மார்புச் சுற்றளவை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, காதிடையிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, பிறகு 69ஆல் பெருக்கினால் எடை கிலோவில் ஏறக்குறைய வந்துவிடும். அந்தப் பன்றியின் சாணத்தைத் தனியாகக் கொட்டுங்கள்.

பேசிய லோடை நான் எடுக்கவில்லை. எங்கள் பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக் குழுவில், குப்பை வாங்குகிறவர் எந்த மருந்து, எத்தனை நாள், ஊசியா தீவனமா என்று கேட்டு நோட்டில் எழுதவேண்டும் எனச் சொல்லியிருக்கிறேன். "இதையெல்லாம் கேட்டா எவன்வே குப்பை குடுப்பான்?" என்று இரண்டு பேர் முறைத்தார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.