நெல்லுக்கு வேலி கட்டும் அதிகாரம்

களத்தில் குறுவை நெல் குவிந்து கிடக்கும். பக்கத்து மாவட்டத்து அரிசி ஆலைக்காரர் கூடுதல் விலை தரத் தயாராக இருப்பார். ஆனால், மாவட்ட எல்லையிலுள்ள சோதனைச் சாவடியை நெல் வண்டி தாண்ட முடியாது. 1982-ம் ஆண்டின் தமிழ்நாடு நெல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருந்த காலத்து நிலைமை இது. அன்றைய தஞ்சை மாவட்டம் முழுவதும், தென்னார்க்காட்டில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் தாலுக்காக்களும், திருச்சி மாவட்டத்தில் முசிறி, குளித்தலை, லால்குடி, திருச்சி தாலுக்காக்களும் அந்த வேலிக்குள் அடைபட்டன. கொள்முதல் குறையக்கூடாது, ரேஷன் கடைக்கு அரிசி வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம்.

நாடு முழுவதும் வாணிபம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 301-வது பிரிவு. அடுத்து வரும் 302-வது பிரிவோ, பொதுநலன் கருதிக் கட்டுப்பாடு விதிக்கப் பார்லிமெண்டுக்கு அதிகாரம் தருகிறது. அவ்வதிகாரமும், 1954-ல் திருத்தப்பட்ட பொதுப் பட்டியலும் சேர்ந்து 1955-ம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்துக்கு வலுவூட்டின. மாநில அரசுகள் நெல்லுக்கு ஆணை போடுவது, மத்திய அரசு இச்சட்டத்தின்கீழ் ஒப்படைத்த அதிகாரத்தைக் கொண்டே.

வேலிக்குள் இருந்த விவசாயி ஒருவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முறைப்படுத்தும் அதிகாரத்தில் தடை செய்வதும் அடங்கும் என்று கூறி, 1985-ல் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது.

சட்டப்படி அத்தீர்ப்பில் குறை காண்பதற்கில்லை. ஆனால், பொதுநலனுக்கான செலவு யார் தலையில் விழுந்தது? நகரத்து ரேஷன் அட்டைதாரருக்கு அரிசி கிடைத்தது. டெல்டா விவசாயி, வெளியில் கிடைத்திருக்கக்கூடிய விலையை இழந்தார். உரத்தின் விலையிலோ, நடவுக் கூலியிலோ அவருக்காக யாரும் குறைத்துக் கொள்ளவில்லை. தடை போட அரசுக்கு அதிகாரம் உண்டென்றால், வேலிக்குள் இருக்கும் நெல் முழுவதையும் நல்ல விலைக்கு உடனே எடுத்துக்கொள்ளும் கடமையும் அரசைச் சேர வேண்டும். தடை எந்தத் தேதியில் நீங்கும் என்பதையும் ஆணையிலேயே எழுதிவிடுவது உசிதம். மறு அறுவடை வரை இழுத்தடிக்கும் தடைக்குப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

அரசின் கையைக் கட்டும் தீர்ப்பும் உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கோதுமை வியாபாரிகள் வழக்கில், 1981-ல் அதே நீதிமன்றம், வெறும் நிர்வாக உத்தரவை வைத்துக்கொண்டு ஒருவரின் உடைமையைப் பறிக்க முடியாது, அதற்குச் சட்டத்தின் அதிகாரம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிற்று. 300-ஏ பிரிவின் சாரம் இதுவே. சாவடியில் 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லி வண்டியை மறிக்கும்போது, எந்த ஆணை, எந்தத் தேதி, எந்தக் கூறு என்று கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு.

2002 பிப்ரவரியில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, நெல், அரிசி, கோதுமை முதலியவற்றைத் தடையின்றி வாங்கவும் கொண்டு செல்லவும் வழி செய்தது. ஆயினும் தாய்ச் சட்டம் அப்படியே இருக்கிறது. 2023 ஜூனில் கோதுமைக்குக் கையிருப்பு வரம்பு மீண்டும் வந்ததையும் பார்த்தோம்.

விவசாயிகளில் பலர் அறியாத ஒன்று அந்தச் சட்டத்தின் 6-ஏ பிரிவில் இருக்கிறது. பிடிபட்ட தானியம் அவரே விளைவித்ததானால், அந்தப் பிரிவின்கீழ் கலெக்டர் அதைப் பறிமுதல் செய்ய முடியாது. வழக்குத் தொடர்வது வேறு விஷயம். வியாபாரியின் நெல்லானாலும் எழுத்து மூலம் நோட்டீஸ் தந்து, பதிலைக் கேட்ட பிறகே பறிமுதல் செய்யலாம். தம் வயல் நெல்தான் என்று காட்டப் பட்டா, அடங்கல் நகல்கள் வண்டியோடு போவது நல்லது.